‘நல்லா இருந்தது’ போதுமா?

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். நவராத்திரி பாட்டுப் போட்டியின் முதல் சுற்றுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். 40 பிள்ளைகள் வருவார்கள். சரியாகப் பாடாத பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லலாமா, மனசு நொந்துபோகும் என்று விட்டுவிடலாமா?

பதில்: சொல்லுங்கள். சின்ன வயதில் நான் போன போட்டிகளிலெல்லாம் ‘நல்லா இருந்தது’ என்றுதான் எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். என் தாளம் ஓடுகிறது, அதாவது போகப் போக வேகம் கூடுகிறது என்பதை, 20 வயதில் ஒரு கோயில் மேடையில் பாடி இறங்கிய பிறகு மிருதங்கக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஓட்டம் கையில் ஊறிவிட்டது. அதைத் திருத்த இரண்டு வருடம் பிடித்தது.

ஆனால் எதைச் சொல்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சத்துவாச்சாரியில் ஒரு பாட்டுத் தேர்வுக்கு நடுவராகப் போயிருந்தேன். 11 வயதுப் பெண். அவளுடைய அம்மா சுருதிப்பெட்டியை 6 கட்டையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும். பல்லவி நன்றாகவே வந்தது. அனுபல்லவியில் மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ஸா-வைத் தொடப் போனபோது மோவாய் மேலே ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஸ்வரம் எட்டாமல் கீழேயே நின்றது. ‘சுருதி சேரவில்லை’ என்று தாளில் எழுதியிருந்தால் அது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பெட்டியை 5 கட்டைக்கு இறக்கி, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடச் சொன்னேன். மேல் ஸா நேராகப் போய் உட்கார்ந்தது. விசாரித்தால், அக்காவுக்கு 6 கட்டையாம். தங்கைக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். முதலில் பாடியதற்குத்தான் மதிப்பெண் போட்டேன், அன்றைக்கு அவள் தேர்வாகவில்லை. ஆனால் கட்டையை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு குறை போதும், அதுவும் மறுநாள் காலையில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும். ‘தாளம் போதாது’ என்பதைவிட, ‘ஆதி தாளத்தில் கடைசி வீச்சை விழுங்குகிறாய், எட்டையும் வாய்விட்டு எண்ணிப் போடு’ என்பது உதவும். ‘ராகம் தெரியவில்லை’ என்பதைவிட, ‘மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமம் போகும்போது, அந்த ராகத்தில் இல்லாத மத்யமம் நடுவில் விழுகிறது’ என்பது உதவும். குரலைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘உனக்குக் குரல் இல்லை’ என்று கேட்ட பிள்ளை அப்புறம் வாயைத் திறக்காது.

இதில் ஆண்பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 13, 14 வயதில் மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும். போன வருடம் பரிசு வாங்கிய பையன் இந்த வருடம் தொண்டை உடைந்து நிற்பான். மதிப்பெண் குறையத்தான் செய்யும், அதில் சலுகை காட்ட வேண்டாம். ஆனால் இது வயதால் வருவது, குரல் போய்விடவில்லை என்று அவனிடமும் அவன் அப்பாவிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயியில் கத்தாமல், குரல் நிலைக்கும்வரை மத்திய ஸ்தாயியில் சாதகம் செய்யட்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல் பாட்டை விட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

வானொலியில் பாடுவதற்கான தேர்வில் பி, பி ஹை, ஏ என்று தரம் மட்டும் வரும். அங்கே போகிறவர் வளர்ந்த கலைஞர், அது போதும். பிள்ளைகளுக்குப் போதாது.

40 பேருக்கும் பேச நேரமிருக்காது. ஆளுக்கு 3 நிமிடம் என்றாலே 2 மணி நேரம் போய்விடும். அதனால் மதிப்பெண் தாளின் கீழே ஒரு வரி எழுதி, கிழித்துக் கையில் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வேண்டியதை மேடையை விட்டு இறங்கி, பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். மைக்கை அணைத்துவிட்டார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.