ஃபிளேவனாய்டு டானிக் தெளித்தால் முருங்கை பிழைக்குமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு ஏக்கரில் பி.கே.எம்.-1 முருங்கை வைத்திருக்கிறேன். கார்த்திகை மழையில் கண்மாய் மறுகால் பாய்ந்து, தோட்டத்தில் நான்கு நாள் தண்ணீர் கட்டிவிட்டது. இப்போது அடியிலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. மருந்துக்கடையில் ‘ஃபிளேவனாய்டு டானிக்’ ஒன்றைக் காட்டுகிறார்கள். செடி அதிலிருந்து சுவாசத்துக்கு வேண்டிய பொருளைச் செய்துகொண்டு தெளிந்துவிடுமாம். விலையோ மலைக்க வைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. முதலில் மண்வெட்டியை எடுங்கள்.

கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. அரைகுறை உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும், சுவாசத்தால் சக்தி எடுக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்பு இருக்கிறது. அதன் உட்சவ்வில் யுபிகுவினோன் என்ற பொருள் எலக்ட்ரான்களை வாங்கி அடுத்த நிலைக்குக் கைமாற்றுகிறது. மருந்துக்கடைகளில் ‘கோ-க்யூ 10’ என்று மாத்திரையாக விற்பதும் இதே இனம்தான். இதற்கு வளையம் ஒன்று தலையாகவும், சங்கிலி ஒன்று வாலாகவும் இருக்கும். நம் உடலில் இருப்பதன் வால் 10 கண்ணி நீளம், நெல்லில் இருப்பதற்கு 9. தலைப்பகுதியில் இருக்கும் வளையத்தைச் செடி எங்கிருந்து எடுக்கிறது என்பதில்தான் ஃபிளேவனாய்டு வருகிறது.

ஃபிளேவனாய்டு என்பது செடிகள் தாமே செய்துகொள்ளும் ஒரு வகைப் பொருள். கெம்ஃபெரால் அதில் ஒன்று. உங்கள் முருங்கை இலையிலேயே இருக்கிறது. அதில் மூன்று வளையங்கள். பெராக்சிடேஸ் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு நடு வளையத்தை உடைக்கிறது. அப்போது ஓர வளையம் ஒன்று கழன்று, 4-ஹைட்ராக்சிபென்சோயிக் அமிலமாக வெளியே வருகிறது. அதில் வாலை ஒட்டி, மேலும் சில மாற்றங்கள் செய்தால் யுபிகுவினோன் தயார். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் தக்காளியிலும் இதைக் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். கெம்ஃபெரால் செய்ய முடியாத செடிகளில் யுபிகுவினோன் குறைந்தது. கெம்ஃபெரால் மிகுந்த செடிகளில் கூடியது. முருங்கையில் இருக்கும் இன்னொரு ஃபிளேவனாய்டான குவெர்செட்டினுக்கு இந்த வேலை ஆகாது. அதன் ஓர வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) கூடுதல். ஆகவே ‘ஃபிளேவனாய்டு’ என்று மட்டும் புட்டியில் அச்சடித்திருந்தால் அதற்குப் பொருளே இல்லை.

செடிக்கு இது ஒன்றே வழியும் அல்ல. ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து, கெம்ஃபெரால் பக்கமே போகாமல், கூமாரிக் அமிலத்தின் வழியாகவும் அதே வளையத்தைச் செய்துகொள்கிறது. கெம்ஃபெராலுக்கும் மூலம் அந்த ஃபினைல்அலனைன்தான். எல்லாம் செடியின் சொந்தச் சரக்கு.

உங்கள் தோட்டத்தில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. யுபிகுவினோன் கைமாற்றும் எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர வேண்டும். மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீரால் அடைபட்ட பிறகு வேருக்கு ஆக்சிஜன் ஏது? கிட்டங்கி வாசலில் மூட்டையை வாங்கிக்கொள்ள ஆளில்லாதபோது, சுமப்பவர்களைக் கூட்டி என்ன பயன்? அந்த நிலையில் வேர், ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்கும் நொதித்தலுக்கு மாறுகிறது. ஒரு குளுக்கோசிலிருந்து 30-ஐ ஒட்டிக் கிடைக்க வேண்டிய ஏ.டி.பி. (உயிரணு செலவழிக்கும் சக்திக் காசு) வெறும் 2 ஆகிவிடும். அந்த வரும்படியில் வேர் மண்ணிலிருந்து சத்தை இழுக்க முடியாது. தேங்கிய நீரில் தழைச்சத்தும் வீணாகிறது. செடி அடியிலையிலிருந்து தழைச்சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்புவதால்தான் மஞ்சள் கீழே தொடங்குகிறது. கொழுந்து மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. அதற்கு வைத்தியம் வேறு.

நம் பக்கத்துச் செம்மண் மேலே பொலபொலவென்று இருக்கும். ஆனால் பல இடங்களில் அடியில் தண்ணீரை எளிதில் இறங்கவிடாத செம்புறைப் பாறை கிடக்கிறது. மேலே காய்ந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழம் குழி வெட்டிப் பாருங்கள். குழியில் நீர் ஊறினால், தோட்டத்தின் தாழ்ந்த பக்கமாக வாய்க்கால் இழுத்து வடித்துவிடுங்கள். பிறகு ஒரு வேரை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக, உறுதியாக இருந்தால் மரம் தேறும். பழுப்பேறி, தோல் உறைபோலக் கழன்று, முடைநாற்றம் அடித்தால் அழுகல் ஏறிவிட்டது.

தேறக்கூடிய மரங்களுக்கு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லி கலந்து தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றுங்கள். அழுகலை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை அதே நாளில் போடாதீர்கள். தாமிரம் அதையும் கொன்றுவிடும். சில வாரம் கழித்து மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். யூரியாவுக்கும் அவசரம் வேண்டாம். புதுத் துளிர் கண்ணில் பட்ட பிறகு மரத்துக்கு 100 கிராம், அதையும் இரண்டு தவணையாகக் கொடுங்கள். கிளை அடர்ந்த மரங்களைக் கொஞ்சம் கவாத்து செய்தால், குறைந்துபோன வேருக்குச் சுமை குறையும்.

டானிக்கை வாங்கியே தீர வேண்டும் என்று வீட்டில் யாரேனும் வற்புறுத்தினால், புட்டியில் என்ன பொருள், எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செடியின் வளர்ச்சியைத் தூண்டுவதாக விற்கும் இத்தகைய உயிரூக்கிகள் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. விவரமில்லாத புட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அழுகல் ஏறிய மரங்களை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தக் குழிகளில் உடனே மறுநடவு செய்யாமல் கோடை வெயிலில் ஆறப் போடுங்கள். அடுத்த முறை மேட்டுப்பாத்தியில் நடுங்கள். அதற்கு முன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் காட்டி யோசனை கேளுங்கள்.