பேரனின் எட்டாம் நாள்

கேள்வி: என் மகன் ரொறன்ரோவில் யூதப் பெண்ணைக் கலியாணம் செய்திருக்கிறான். அடுத்த மாதம் ஆண் பிள்ளை பிறக்க இருக்கிறது. நானும் இவரும் போகிறோம். எட்டாம் நாளே விருத்தசேதனமாம், அதாவது பிள்ளையின் நுனித்தோலை வெட்டும் சடங்கு. நாங்களோ பிள்ளை பிறந்த துடக்கு 31ஆம் நாள் கழியாமல் கோயிலுக்குப் போகாத சைவ ஆட்கள். அங்கே மந்திரம் யார் சொல்வது? எங்களுக்கு என்ன வேலை? இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. மருமகளின் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது சடங்கின் நேரமும் இடமும்தான் தகவலாக வந்தன, "வாருங்கள்" என்று ஒரு சொல் இல்லை.
- மானிப்பாய் வாசகி

பதில்: அம்மா, கடைசியில் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் சொந்தமே முறிந்துபோகும். யூதரிடம் வழக்கம் வேறு. விருத்தசேதனத்துக்கு அழைத்தும் ஒருவர் வராவிட்டால் அது அவருக்குப் பெரிய குற்றமாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். அந்தப் பாரத்தை யார் தலையிலும் ஏற்றக்கூடாது என்றுதான் நேரத்தையும் இடத்தையும் மட்டும் அறிவிப்பார்கள். அக்கா வீட்டார் உங்களை மதித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை மனதில் வைத்திருக்காதீர்கள்.

துடக்கு அவர்கள் வேதத்திலும் உண்டு. லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி, ஆண் பிள்ளை பெற்ற தாய்க்கு முதலில் ஏழு நாள், பிறகு 33 நாள். அந்த ஏழு நாளில் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும். ஊரே மகிழ, பெற்றவர்கள் மட்டும் வருத்தத்தோடு இருக்கக்கூடாது என்பதால்தான் எட்டாம் நாள் என்று அவர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் காரணம் சொல்கிறது. வேதபாடம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் "ஏன் எட்டு?" என்று கேட்கும்போதெல்லாம் நான் ஆசையோடு சொன்ன பதில் இது.

பிறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். அவர்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறது. செவ்வாய் பகலில் பிறந்தால் அடுத்த செவ்வாய், செவ்வாய் இரவில் பிறந்தால் அடுத்த புதன். சடங்கு பகலில் மட்டும். எட்டாம் நாள் அவர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையானாலும் நடக்கும், ஆனால் சிசேரியன் பிள்ளைக்கு ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது இருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். ஆகவே திரும்பி வரும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள்.

இனி ஆசீர்வாதங்கள். சடங்கைச் செய்பவர் மோஹெல். வெட்டுவதற்கு முன் அவர் ஓர் ஆசீர்வாதம் சொல்வார். அடுத்தது தகப்பனுடையது: "எங்கள் தந்தை ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள் இவனைக் கொண்டுவரும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவர்" என்று இறைவனைப் போற்றுவது. தாய் யூதராக இருப்பதால் பிள்ளை யூதன்தான். ஆனால் கட்டளை பெற்ற இனத்தவர்தான் "எங்களுக்கு" என்று சொல்லலாம் என்பதால், பழைய மரபைப் பின்பற்றும் இடங்களில் உங்கள் மகனுக்குப் பதில் வேறொருவர் சொல்லுவார். அப்போது உங்கள் முகம் வாட வேண்டாம். உடனே கூடியிருப்பவர்கள் எல்லாரும், "உடன்படிக்கைக்குள் வந்ததுபோல் வேதத்துக்கும் கலியாணப் பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வரட்டும்" என்பார்கள். அதை முன்கூட்டியே எழுதி வாங்கி, தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வாழ்த்து அப்பாச்சியின் வாயிலிருந்தும் வர வேண்டும். மற்ற ஆசீர்வாதங்களுக்கு "ஆமென்" போதும்.

பிறகு வைன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆசீர்வாதம், அதோடு பெயர் வைப்பு. பெயர் சொல்லும்போது தீர்க்கதரிசி எசேக்கியேலின் "உன் இரத்தத்தினாலே பிழைத்திரு" என்ற வசனம் வரும். அந்த இடத்தில் ஒரு துளி வைனைப் பிள்ளையின் வாயில் வைப்பார்கள். அழுகிற பிள்ளை சப்புக்கொட்டும், பாருங்கள்.

பிள்ளை பிறந்த பின் வரும் முதல் வெள்ளி இரவு, ஐரோப்பிய மரபு யூத வீடுகளில் சொந்தங்கள் கூடி அவித்த கடலை சாப்பிடுவார்கள். உங்களுக்கு அது புதிதாக இராது. ஆனால் நீங்கள் சுட்ட வடையைக் கொண்டு போகாதீர்கள், கோஷர் என்ற யூத உணவு விதி பார்க்கும் வீடென்றால் சங்கடப்படுவார்கள். வெட்டாத முழுப்பழம் நல்லது. சாப்பாட்டுக்குக் கை கழுவியபின் பாண் துண்டு வாய்க்குள் போகும்வரை ஒருவரும் பேசமாட்டார்கள், நீங்களும் பேசாதிருங்கள்.

பிள்ளையை மடியில் வைத்திருக்கும் சந்தக் பொறுப்பு யூதருக்கே போகும். அறையிலிருந்து பிள்ளையைக் கொஞ்சத் தூரம் தூக்கிவர உங்களை விடுவார்களா என்று ரபியிடம் (யூத மதகுருவிடம்) மகனை இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.