பாஸ்கெட் விழுந்ததும் பந்து எப்போ லைவ் ஆகுது? உங்க கேள்விகளுக்கு பதில்

பன்னெண்டு வருஷமா கூடைப்பந்து ரெஃப்ரியா விசில் ஊதுறேன், இந்த ஒரு விஷயத்துக்கு வர்ற சண்டை மாதிரி வேற எதுக்கும் வர்றதில்ல. லைவ்னா பந்து ஆட்டத்துல இருக்குன்னு அர்த்தம், டெட்னா இல்லைன்னு அர்த்தம். எல்லாமே ஃபீபா, அதாவது உலக கூடைப்பந்து சம்மேளனத்தோட ரூல்படி சொல்றேன்.

கேள்வி: வலையில விழுந்ததும் பந்து டெட்டா, தரையில பட்டாதானா?

வலை வழியா இறங்கிட்டாலே டெட் தான், தரைக்கு வரணும்னு இல்ல. எதிர் டீம் பிளேயர் பந்தை எடுத்துட்டு எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னாடி இருக்கிற கோடு) வெளிய போய் த்ரோ இன்னுக்கு (பந்தை உள்ள எறியறதுக்கு) நின்னதும் திரும்ப லைவ். ரெஃப்ரி கையால வாங்கணும்னு காத்துட்டு நிக்காதீங்க தம்பிங்களா, அதுக்குள்ள எதிராளி டிஃபென்ஸ் செட் பண்ணிடுவான்.

கேள்வி: டெட்னா கடிகாரம் ஏன் சார் ஓடுது?

ரொம்ப நல்ல கேள்வி, பாதி குழப்பம் இங்கதான். பந்து டெட் ஆகுறது வேற, கடிகாரம் நிக்கிறது வேற. நாலாவது குவார்ட்டர் கடைசி 2 நிமிஷத்துலயும் ஓவர்டைம் கடைசி 2 நிமிஷத்துலயும் மட்டும்தான் பாஸ்கெட் விழுந்தா கடிகாரம் நிக்கும், கோர்ட்டுக்கு உள்ள இருக்கிற ஒருத்தர் பந்தைத் தொட்டதும் திரும்ப ஓடும். என்பிஏல (அமெரிக்க புரொஃபஷனல் லீக்) முதல் மூணு குவார்ட்டரோட கடைசி நிமிஷத்துலயும் நிறுத்துவாங்க, டிவில பாத்துட்டு வந்து இங்க கேட்காதீங்க.

கேள்வி: லீட்ல இருக்கிறவன் பந்தை எடுக்காமலே நேரத்தை இழுத்தா?

எனக்கே நடந்துச்சு. மூணாவது குவார்ட்டர் முடியப் போகுது, பந்து கம்பத்துக்குப் பக்கத்துல உருண்டுட்டு கிடக்கு, லீட்ல இருந்த டீமோட பாயிண்ட் கார்டு (பந்தை நடத்திட்டுப் போற ஆள்) குனிஞ்சு ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிட்டு இருக்கான். நான் பந்தை எடுத்து எண்ட் லைனுக்குப் பின்னாடி தரையில வச்சுட்டு கையை வீசி எண்ண ஆரம்பிச்சேன், 5 செகண்டுக்குள்ள த்ரோ இன் போட்டாகணும், அதனால 5 ஆனதும் விசில், பந்து எதிர் டீமுக்கு. "அவன் தொடவே இல்லையே சார்"னு கோச் ஓடி வந்தார். தொடணும்னு இல்லண்ணே, எடுக்கிற மாதிரி அவன் பக்கத்துல வச்சாச்சுன்னா பந்து லைவ், 5 செகண்டும் ஓட ஆரம்பிச்சிடும்.

கேள்வி: பாயிண்டை விட்டுக்கொடுத்த டீம் அப்போ டைம் அவுட் கேட்கலாமா?

தாராளமா. ஆனா த்ரோ இன் போடுறவன் கைக்குப் பந்து வர்றதுக்கு முன்னாடி ஸ்கோரர் டேபிள்ல கேட்டிருக்கணும். லைவ் ஆயிடுச்சுன்னா அந்த வாய்ப்பு போச்சு, அதனால கோச்சுங்க பந்து வலையில இருக்கும்போதே கையைக் காட்டிப் பழகுங்க.

கேள்வி: கோல் போட்டவன் பந்தைத் தட்டி விட்டுட்டான், என்ன பண்ணுவீங்க?

வேணும்னே தட்டினா முதல்ல வார்னிங், திரும்பப் பண்ணா டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தப்பு), எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (தடுக்க ஆளில்லாம போடுற ஷாட்). தெரியாம மேல பட்டுட்டுப் போனா விட்டுடுவோம்.

கேள்வி: எண்ட் லைன்ல ஓடலாமா?

பாஸ்கெட் விழுந்த பிறகு ஓடலாம், வெளிய நிக்கிற இன்னொரு ஆளுக்கே பாஸும் கொடுக்கலாம். ஆனா 5 செகண்ட் முதல் ஆள்கிட்ட ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுதான், கை மாறினா புதுசா எண்ண மாட்டோம்.

கேள்வி: ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானா?

இல்ல. 1937 வரைக்கும் அமெரிக்காவுல ஒவ்வொரு பாஸ்கெட்டுக்கும் அப்புறம் நடு கோர்ட்டுக்கு வந்து ஜம்ப் பால் (ரெஃப்ரி பந்தை மேல போட, ரெண்டு டீம் ஆளும் எகிறித் தட்டுறது) போட்டாங்க, உயரமான ஆள் இருக்கிற டீம் போட்டுட்டே இருக்கும், பந்து எதிர் டீம் கைக்கே போகாது. அதை எடுத்த பிறகுதான் ஆட்டம் இப்படி வேகமாச்சு.