இசட்28 என்று விற்கிறார்கள்: எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி: ஒருவர் தன் சேகரிப்பிலுள்ள பழைய அமெரிக்க கார்களை விற்கிறார். 1969 செவ்ரோலே கமாரோ இசட்28 ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். 'நம்பர்ஸ் மேட்சிங்', அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் காரோடு ஆலையிலிருந்து வந்தவையே, என்கிறார். டாஷ்போர்டில் உள்ள வின் எண்ணும் (காரின் அடையாள எண்) உரிமைப் பத்திரமும் ஒத்துப்போகின்றன. இது போதுமா?

பதில்: போதாது. 124379 என்று தொடங்கும் வின் எண், இது வி8 இன்ஜினோடு வந்த 1969 கமாரோ கூப்பே என்று மட்டுமே சொல்லும். அடுத்துள்ள 'என்', ஒஹாயோவின் நார்வுட் ஆலை. இசட்28 கூடுதல் பணம் கட்டி வாங்கிய ஆப்ஷன். அது வின் எண்ணில் ஏறவில்லை. அதனால்தான் சாதாரண வி8 காரில் பட்டைக் கோடு அடித்து, பேட்ஜ் ஒட்டி இசட்28 ஆக்குவது இவ்வளவு சுலபம்.

முதலில் செலவில்லாத சோதனை. இசட்28 நான்கு கியர் மேனுவலில் மட்டுமே வந்தது, ஏசி கிடையாது. ஆட்டோமேட்டிக் கியரோ, ஆலையில் ஏசி பொருத்திய தடமோ இருந்தால் கிளம்பிவிடலாம். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலுள்ள சுவர்) உள்ள தகட்டில் இசட்28-ஐக் குறிக்கும் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் 1968 டிசம்பர் வாக்கில்தான் நார்வுட் ஆலை இதை அடிக்கத் தொடங்கியது. தகட்டையே போலியாகச் செய்பவர்களும் உண்டு.

உண்மையான வேலை இன்ஜினில் இருக்கிறது. முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே சிறிய தட்டையான இடம் உண்டு. ஆல்டர்னேட்டர் மறைக்கும், டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். அங்கே 'வி0114டிஇசட்' போல ஒன்று இருக்க வேண்டும்: வி என்றால் ஃபிளின்ட் ஆலை, ஜனவரி 14, டிஇசட் என்றால் இசட்28-இன் 302 கன அங்குல இன்ஜின். இதில் வருடம் இருக்காது. வருடத்துக்கு பிளாக்கின் (இன்ஜினின் வார்ப்பு உடல்) பின்விளிம்பில் உள்ள வார்ப்புத் தேதியைப் பாருங்கள்: 'ஏ 6 9' என்றால் 1969 ஜனவரி 6. வார்ப்பு, இன்ஜின் பூட்டியது, கார் முடிந்தது என்ற வரிசை மாறக்கூடாது. ஃபயர்வால் தகட்டில் '01ஏ', அதாவது ஜனவரி முதல் வாரம், என்று இருந்து இன்ஜினில் 0114 இருந்தால் அந்த இன்ஜின் பிறகு வந்தது.

வின் எண்ணின் கடைசிப் பகுதியும் பிளாக்கில் இருக்கும். சில கார்களில் ஆயில் ஃபில்டர் அருகே. கியர்பாக்ஸிலும் அதே எண் வேண்டும். எழுத்தைவிட எழுத்தின் அடியில் உள்ள இரும்பைக் கவனியுங்கள். ஆலையில் சீவிய பரப்பில் முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் தெரியும். கண்ணாடிபோல வழவழப்பாகவோ சுழல் கீறல்களோடோ இருந்தால், பரப்பைத் தேய்த்துப் புது எண் அடித்திருக்கலாம். பிளாக்கைச் சரிசெய்யத் தேய்த்திருந்தாலும் கோடுகள் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான விலையை விற்பவர் குறைக்கட்டும், நீங்கள் ஏற்காதீர்கள்.

ஆவணமாக, பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிய பில்ட் ஷீட் (காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற ஆலைத் தாள்) கிடைத்தால் யோகம். அமெரிக்காவில் விற்ற செவ்ரோலேவுக்கு நிறுவனத்திடம் தனித்தனிப் பதிவு கிடைக்காது. அதே கொட்டகையில் போன்டியாக் ஜிடிஓ நின்றால் போன்டியாக் ஆவணங்களைத் தரும் பிஹெச்எஸ்-இடம் ஆலை பில் நகல் வாங்கலாம். 1967 முதலான ஃபோர்டுக்கு, ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே, முதல்முறை வாங்குபவருக்கு கமாரோவைவிட ஜிடிஓ நல்லது என்போம்.

கேள்வி: கார் 12 வருடமாக ஓடவில்லை. 'பேட்டரி மாட்டினால் ஸ்டார்ட் ஆகும்' என்கிறார்.

பதில்: ஆகலாம், அதோடு எண் பொருந்திய பிளாக்கும் போகலாம். பழைய பெட்ரோலை முழுக்க வடியுங்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு நாள் கழித்து கிராங்கைக் கையால் சுற்றுங்கள். சிக்கினால் நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம். சுற்றினால், ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்; ரோட்டர் அதற்குள் இருக்கும்) எடுத்து, அந்தத் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை ஆயில் ஏறுகிறதா பாருங்கள். துத்தநாகம் கூடிய ஆயிலே வேண்டும். இல்லையென்றால் வால்வுகளை இயக்கும் பழைய வகை ஃபிளாட் டாப்பெட் கேம் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ், பின் வீல் சிலிண்டர், பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாம் புதிது. டயரில் 2412 என்று இருந்தால் 2012-இன் 24-ஆவது வாரம். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

கேள்வி: இன்ஷூரன்ஸ்?

பதில்: 'அக்ரீட் வேல்யூ' பாலிசி எடுங்கள், கார் முற்றிலும் சேதமானால் ஒப்புக்கொண்ட தொகை கிடைக்கும். 'ஸ்டேட்டட் வேல்யூ' பெயரில் ஒத்திருக்கும், ஆனால் தேய்மானம் கழித்துக் குறைவாகத் தர அதில் இடமுண்டு.