பழைய லேஸ் அட்டைகளும் வெனிஸ் மாதிரிப் புத்தகமும்

வணக்கம்.

பாட்டி வைத்திருந்த நாகர்கோவில் லேஸ் அட்டைகள் (குண்டூசி குத்தத் துளையிட்ட மாதிரி அட்டைகள்) சில என்னிடம் இருக்கின்றன. ஒன்றை நகலெடுத்து, பாட்டியின் நூலையே வைத்துப் பின்னினேன். நெருக்கமான பகுதி விறைத்துப்போனது. நேர் விளிம்போ அலை அலையாக வந்தது. 1557இல் வெனிஸில் அச்சான ‘லே போம்பே’ மாதிரிப் புத்தகப் படங்களையும் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். அதில் குண்டூசி எங்கே குத்துவது, எத்தனை பாபின் (நூல் சுற்றிய சிறு கட்டை) வேண்டும் என்று எதுவுமே இல்லையே. எப்படித் தொடங்குவது?

ச., நாகர்கோவில்

அன்புள்ள ச.,

விறைப்புக்கும் அலைக்கும் காரணம் வேறு வேறு.

பிரின்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் இருந்தால் படம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். பழைய அட்டையின் நேர் விளிம்பில் 11 துளைகளை எண்ணி, முதல் துளையிலிருந்து கடைசித் துளைவரை அளந்து பாருங்கள். அங்கே 50 மி.மீ., நகலில் 45 மி.மீ. என்றால் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே நூலை அதற்குள் திணித்தால் விறைக்காமல் என்ன செய்யும்? நூலை ஸ்கேலின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிச் சுற்றி, ஒரு செ.மீ.க்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். டார்ச்சன் என்ற எளிய லேஸ் வகைக்கு, விளிம்பின் அடுத்தடுத்த இரு துளைகளுக்கு நடுவே சுமார் 12 சுற்று அடங்க வேண்டும். துளை இடைவெளி 5 மி.மீ. என்றால் செ.மீ.க்கு 24 சுற்று வரும் நூல், 4 மி.மீ. என்றால் 30. இது கைக்கணக்குதான், கொஞ்சம் பின்னிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அலை அட்டையிலேயே இருக்கிறது. பழைய அட்டையைப் புதியதன்மேல் வைத்து, துளை வழியாக ஊசி குத்தி நகலெடுப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு நகலிலும் துளை ஒரு மயிரிழை நகரும். நாலைந்து கை மாறினால் விளிம்பு நேராக இருக்காது. அதனால் வரைபடத்தாளில் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். அதற்கு முன் நேர் விளிம்புக்கும் துளைகளின் சாய்வரிசைக்கும் உள்ள கோணத்தை அளக்க வேண்டும். 45 பாகை என்றால் டார்ச்சன், சாதாரணக் கட்டத்தாள் போதும். 52 முதல் 60 பாகைக்குள் வந்தால் அது பக்கிங்காம்ஷயர் பாயின்ட் போன்ற வகை. அதை 45 பாகைக் கட்டத்தில் ஏற்றினால் அறுகோணக் கண்கள் நசுங்கிவிடும்.

நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த இந்த வேலையை, அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியிலும் கற்றுக்கொடுத்தார். அட்டையில் எழுத்து குறைவாக இருப்பதில் வியப்பில்லை. எங்கே எந்தப் பின்னல் என்பது பழகிய கைக்குத் தெரியும். நீங்கள் வரையும்போது இன்றைய வழக்கப்படி முழுப் பின்னலுக்கு ஊதா, அரைப் பின்னலுக்குப் பச்சை, முறுக்கு சேர்ந்த முழுப் பின்னலுக்குச் சிவப்பு என்று குறித்துவிடுங்கள். பாட்டியின் அட்டையில் இனி ஊசி குத்த வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு எடுத்து வையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது.

இனி லே போம்பே. தங்க இழை, பட்டு, சாதா நூல் இவற்றில் நாடாக்களும் கயிறுகளும் செய்வதற்கான மாதிரிகள் என்று அதன் முகப்பே சொல்கிறது. உள்ளே இருப்பவை மரக்கட்டை அச்சுப் படங்கள். அவை லேஸின் தோற்றத்தைக் காட்டும். துளை போடுவது நம் பொறுப்பு. பெரும்பாலான படங்களில் ஒரு கோடு என்பது ஒரு சடை, அதாவது இரண்டு ஜோடி, நான்கு நூல்.

ஒடுக்கமான மாதிரி ஒன்றை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பகுதியை மட்டும் பெரிதாக்கி வரையுங்கள். அதன் குறுக்கே ஸ்கேலை வைத்து, வெட்டும் கோடுகளை எண்ணுங்கள். மூன்று கோடு என்றால் ஆறு ஜோடி, 12 பாபின். ஓரத்துச் சிறு வளையங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்கேலை மேலும் கீழும் நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறக் கூடாது. ஓரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் நான்கோ ஐந்தோ என்று வந்தால், அங்கே சடை இரண்டு ஜோடியாகப் பிரிகிறது, அல்லது கோடு மேலே திரும்பி இறங்குகிறது, அல்லது கட்டை செதுக்கியவர் கோட்டைத் தவறவிட்டிருக்கிறார். பிந்தையதும் உண்டு, அச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இரு சடைகள் வெட்டும் இடம் ஒவ்வொன்றும் ஒரு துளை. விளிம்பில் திரும்பும் முனையும் அப்படியே. வெட்டுமிடத்தில் ஒவ்வொரு ஜோடியையும் ஒரே நூலாகப் பாவித்து குறுக்கு (நடுவில் இருப்பவற்றில் இடதை வலதின்மேல்), முறுக்கு (இரு பக்கமும் வலதை இடதின்மேல்) போட்டு, நடுவில் ஊசி குத்தி, மீண்டும் ஒரு குறுக்கு. சடையின் நீளத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு பின்னல் குறைந்தால் துளையருகே நூல் தொளதொளக்கும், ஒன்று கூடினால் சடை வளைந்து எழும்பும். ஊசியைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். படத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கு, முதலில் 5 செ.மீ. சடை பின்னி அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அருகருகே ஓடும் இரு கோடுகளுக்கு நடுவே அந்த அகலத்தில் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

1561இல் சூரிச்சில் ஃப்ரோஷவர் அச்சகம் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தையும் தேடிப் பாருங்கள். ஆர்.எம். என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிட்ட ஓர் ஆசிரியை செய்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் வணிகர்கள் இந்தக் கலையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

குண்டூசி பித்தளையாக வாங்குங்கள். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு எஃகு ஊசி வெள்ளை நூலில் துருக்கறை விட்டுவிடும்.