வாங்கும் முன்: கம்பி போட்டால் பழுப்பாகும் தண்ணீர்

கேள்வி: மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். வீட்டில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான். அதில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

பதில்: போதாது. கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்செனிக்கின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கேள்வி: ப்யூரிஃபையர் விற்க வந்தவர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போட்டார். ஒரே நிமிஷத்தில் செம்பழுப்பாகிக் கசடு மிதந்தது. "இதுதான் ஆர்செனிக்" என்றார். அவருடைய ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் கருவி) தண்ணீர் தெளிவாகவே நின்றது. 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டோம். இப்போது சோதித்தால், வடிகட்டிய தண்ணீரிலேயே லிட்டருக்கு 28 மைக்ரோகிராம் ஆர்செனிக். (பராசத், மேற்கு வங்கம்)

பதில்: அந்தக் கசடு கம்பியிலிருந்து வந்தது. சாதாரணத் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைகிறது, துருவாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லியிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். இந்த வித்தையில் நானும் காசை விட்டவன் என்பதால் உங்களைத் திட்ட மனம் வரவில்லை.

அடுத்த ஏமாற்று டி.டி.எஸ். மீட்டர். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 0.01 மில்லிகிராம். மீட்டரோ கரைந்த உப்பு மொத்தத்தையும் முழு மில்லிகிராமில் காட்டுவது. 300 என்று காட்டும் தண்ணீரில் ஆர்செனிக் இருந்தாலும் 300தான், இல்லாவிட்டாலும் 300தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்செனிக் பற்றிப் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆர்.ஓ. ஏன் தோற்றது? வங்காளத்து நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு. ஆர்செனிக்கில் பெரும்பங்கு ஆர்சனைட் என்ற வடிவில், மின்னேற்றம் இல்லாமல் இருக்கும்; சவ்வு அதைச் சரியாகத் தடுக்காது. முதலில் குளோரின் போன்ற ஒன்றால் அதை மின்னேற்றமுள்ள ஆர்சனேட்டாக மாற்ற வேண்டும். குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரிக்கும், ஆகவே நடுவில் கார்பன் வடிகட்டி தேவை. இதையெல்லாம் சொல்லாமல் விற்றது குறைபாடான பொருள்தான்.

உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் ஒரே நாளில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். அறிக்கையும் பில்லும் சேர்த்து விற்றவருக்கு எழுத்தில் புகார். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆர்செனிக் சேர்ந்த ஆர்.ஓ. கழிவு நீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

கேள்வி: நாங்களும் அதே போல் வாங்கினோம். பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பதில்: எதை வைத்து வழக்குப் போடுவீர்கள்? வங்கியில் பணம் போன பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருந்தால் எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

கேள்வி: கைக்குத்தல் அரிசியில் ஆர்செனிக் அதிகமாமே? இரட்டை விலை கொடுத்து வாங்குகிறேன்.

பதில்: உண்மைதான். தவிட்டில்தான் அது அதிகம் சேரும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பே தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டாததற்கு 0.35. நார்ச்சத்துக்காகச் சாப்பிடுங்கள், ஆனால் மூன்று வேளையும் வேண்டாம், கேழ்வரகும் கோதுமையும் மாறி மாறி வரட்டும்.

கேள்வி: ஆர்செனிக் குறைய, சோற்றைக் குக்கரில் வைப்பதா, வடிப்பதா? (லண்டன்)

பதில்: வடியுங்கள். ஒரு கப் அரிசிக்கு நான்கு கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு 5 நிமிஷம் வைத்து, வடித்துக் கொட்டுங்கள். பிறகு இரண்டு கப் புதுத் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் வற்றவிடுங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட முறை இது. ஆர்செனிக் வெள்ளரிசியில் 73 சதவீதமும் தீட்டாததில் 54 சதவீதமும் குறைந்தது. வடித்த கஞ்சியைக் குடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். சமைக்கும் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால் அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே இந்த முறை உதவாது. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அரிசிப்பால் வேண்டாம் என்பது பிரிட்டனின் அறிவுரை.

கேள்வி: ஆன்லைனில் 'மூலிகை லேகியம்' வாங்கி ஆறு மாதம் சாப்பிட்டேன். உள்ளங்கை தடித்துச் சொரசொரக்கிறது. டப்பாவில் சேர்மானமே போடவில்லை.

பதில்: உடனே நிறுத்துங்கள், டப்பாவை எறியாதீர்கள். சித்த மருந்துகளில் தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் சேர்வதுண்டு, மூன்றுமே ஆர்செனிக் சேர்மங்கள். அவை சேர்ந்த மருந்தின் லேபிளில் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சேர்மானத்தையே மறைத்து விற்றவர் மீதுதான் தப்பு, உங்கள் மீதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பும் உடம்பில் மழைத்துளி போன்ற புள்ளிகளும் ஆர்செனிக் நாள்பட உடலில் சேர்வதன் அடையாளம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய் வரை போகும். தோல் மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். ரத்தத்தில் அது சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும் என்பதால் சிறுநீர்ச் சோதனைதான் பயன்படும். அதற்கு முன் நான்கு நாள் மீன், இறால், நண்டு தொடாதீர்கள். அவற்றிலுள்ள ஆர்செனிக் பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் மொத்தக் கணக்கைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.