இரவில் இறங்கியதும் ஆட்கள் விழுகிறார்களா? மிச்சம் வைக்கும் டைம் யூனிட்டில் இருக்கிறது விஷயம்

கேள்வி: 1994-ல் வந்த ‘எக்ஸ்-காம்: யூ.எஃப்.ஓ. டிஃபென்ஸ்’ என்ற, வேற்றுக்கிரகவாசிகளோடு சுற்றுச் சுற்றாக மோதும் கணினி விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கிறேன். இரவு நேர டெரர் மிஷன் (ஊருக்குள் புகுந்து தாக்கும் எதிரிகளை ஒழிக்கும் பணி) வந்தால், ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்கைரேஞ்சர் விமானத்தை விட்டு இறங்குவதற்குள் மூன்று நான்கு பேர் காலி. மிஞ்சியவர்களைக் கிரிசலிட் என்ற வேற்றுக்கிரக ஜந்து ஜாம்பியாக மாற்றிவிடுகிறது. எந்தத் துப்பாக்கி வாங்கினால் பிழைப்பேன்?

பதில்: துப்பாக்கிக்கு அப்புறம் வருகிறேன். டைம் யூனிட்டை, அதாவது ஒரு சுற்றில் நடக்கவும் சுடவும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அளவை, நீங்கள் செலவழிக்கும் விதம்தான் உங்கள் ஆட்களைக் கொல்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் முறையில் நீங்கள் நடக்கும்போதே எதிரி குறுக்கே சுடுகிறது அல்லவா, அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆட்டம் ஒரு கணக்குப் போடுகிறது: ரியாக்‌ஷன் (எதிர்வினை வேகம்) மதிப்பை, கையில் மிச்சமுள்ள டைம் யூனிட்டின் விகிதத்தால் பெருக்குகிறது. உங்கள் வீரரின் ரியாக்‌ஷன் 50, மொத்த டைம் யூனிட் 60 என்று வைத்துக்கொள்வோம். 30 யூனிட்டை நடந்தே தீர்த்துவிட்டு ஒரு மூலையைத் திரும்பினால் அவர் மதிப்பு 25. அங்கே அசையாமல் நிற்கும் எதிரியின் ரியாக்‌ஷனும் 50 என்றால், அதன் மதிப்பு முழு 50. அதுதான் முதலில் சுடும். இதையே திருப்பிப் பாருங்கள். உங்கள் வீரர் முழு யூனிட்டோடு மூலையைப் பார்த்து நிற்கிறார், எதிரி பாதி யூனிட்டைச் செலவழித்து வந்து தலைநீட்டுகிறது. இப்போது 50 உங்களுடையது, 25 அதனுடையது. அதே இரண்டு பேர்தான், தேடிப்போனவர் மட்டும் மாறிவிட்டார். ஆகவே ஓடித் தேடாதீர்கள், வரவிட்டுச் சுடுங்கள். ஸ்னாப் ஷாட்டுக்கு (சட்டென்று சுடும் ஒரு குண்டு) போதுமான யூனிட்டை ஒதுக்கிவைக்கத் திரையிலேயே பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திவிட்டே நடங்கள்.

இறங்கும்போது சாவதற்கும் இதே கணக்குதான் காரணம். முதல் சுற்றில் எதிரிகள் எல்லோரிடமும் முழு யூனிட் இருக்கும். அதனால் முதல் சுற்றில் யாரையும் இறக்காதீர்கள். ஒரு புகைக் குண்டின் நேரத்தைப் பூஜ்ஜியத்துக்கு வைத்து, விமானத்தின் சரிவுப் பாதையின் அடியில் வீசிவிட்டுச் சுற்றை முடியுங்கள். சுற்று முடியும்போது புகை பரவும். இடையில் நடந்து திரிந்த எதிரிகளின் மதிப்பும் இறங்கியிருக்கும். இரண்டாம் சுற்றில் புகையை மறைவாக வைத்து இறங்குங்கள். புகைக்குள்ளேயே பல சுற்று நின்றால் வீரர்கள் மயங்கி விழுவார்கள், சீக்கிரம் நகர்ந்துவிட வேண்டும்.

இருட்டு இன்னொரு பிரச்சினை. பகலில் இரண்டு தரப்புக்கும் 20 கட்டம் தெரியும். இரவில் உங்கள் ஆட்களுக்கு 9 கட்டம்தான், எதிரிக்கு அதே 20. கண்ணுக்கே தெரியாத இடத்திலிருந்து குண்டு வருவது இதனால்தான். வெளிச்சம் தரும் எலக்ட்ரோ-ஃபிளேர் ஐந்தாறாவது எடுத்துப் போங்கள். காலடியில் போட்டு உங்கள் ஆட்களுக்கே வெளிச்சம் அடிக்காமல், போகப்போகும் திசையில் தூர வீசுங்கள். விழுந்து கிடக்கும் பறக்கும் தட்டு என்றால் விடியும்வரை காத்திருந்து இறங்கலாம். டெரர் மிஷனைப் புறக்கணித்தால் மதிப்பெண் பலமாக அடிவாங்கும் என்பதால் சில நேரம் இருட்டில் போகத்தான் வேண்டும்.

இனி கிரிசலிட். இந்த ஆட்டத்தில் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும் ஒரே ஜந்து அதுதான். அது சுடாது. ஆனால் ஏறக்குறைய 110 டைம் யூனிட் வைத்திருக்கிறது. திறந்த வெளியில் ஒரு கட்டத்துக்கு 4 யூனிட்தான் செலவு என்பதால், நீங்கள் பார்க்கவே முடியாத தூரத்திலிருந்து ஒரே சுற்றில் ஓடிவந்து தாக்கிவிடும். எனவே யாரையும் தனியே முன்னால் அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் காக்கும்படி, முழு யூனிட்டோடு நிற்கட்டும். முன்னால் போக ஒரு டாங்கைக் கொண்டுபோங்கள். ஸ்கைரேஞ்சரில் அது நான்கு பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும், 14 பேருக்குப் பதில் 10 பேர்தான் போக முடியும். பரவாயில்லை, டாங்கை ஜாம்பி ஆக்க முடியாது.

ஜாம்பியைக் கண்டதும் அவசரப்பட்டுச் சுடாதீர்கள். அது செத்தால் உள்ளேயிருந்து புதிய கிரிசலிட் வெளியே வரும். ஜாம்பியைக் கொன்ற பிறகு அந்தக் கிரிசலிட்டையும் சுட இன்னும் இரண்டு பேரிடம் யூனிட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். இல்லையென்றால் பின்வாங்குங்கள்.

சரி, துப்பாக்கி. சாதாரண ரைஃபிளின் வலு 30, கிரிசலிட்டின் தோலில் பல குண்டுகள் வீணாகும். லேசர் ரைஃபிளின் வலு 60, தோட்டாவும் தேவையில்லை. லேசர் ஆராய்ச்சியை எல்லாவற்றுக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். அதுவரை ஆட்டோ-கேனனில் வெடிகுண்டுத் தோட்டா போட்டுச் சமாளியுங்கள்.

மொரால் (வீரரின் மனவுறுதி) எண்ணையும் சுற்றுக்குச் சுற்று பாருங்கள். 50-க்குக் கீழே போனால் பீதி தொடங்கும். 40-ல் 20 சதவீத வாய்ப்பு, 25-க்கு இறங்கினால் 50 சதவீதம். அந்த நிலையில் உள்ளவரை மற்றவர்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள், வெறிபிடித்தால் கண்டபடி சுடுவார்.

இதே ஆட்டத்தை ரசிகர்கள் மறுபடி எழுதிய ஓப்பன்எக்ஸ்காமில் ஆடுகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய டாஸ் பதிப்பில் ஒரு பிழை இருந்தது: எந்தக் கடின நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் ஆட்டம் சீக்கிரமே மிக எளிய தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ஓப்பன்எக்ஸ்காமில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய பதிப்பில் ஆடிவிட்டு, ‘நான் (மிகக் கடினமான) சூப்பர்ஹியூமனிலேயே சுலபமாக முடித்தேன்’ என்று சொன்னதை நம்பி அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதைக் கைவிட்டுத் தொடக்க நிலையில் புதிதாக ஆரம்பியுங்கள்.